பூஜையில் வைத்த சாவி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இது எங்கள் மர்பி டவுனில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரிசையில் யாராவது குடத்தை நடுவில் நுழைத்தால் முதல் சத்தம் என்னுடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய இடத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதோடு எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு போயிற்று. மூடிக்கொள்ளச் சொன்னவள் நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி. இதை எழுத உட்காரும்போதே வயிறு எரிகிறது.

நகரத்தின் கிழக்கு விளிம்பில், வைட்ஃபீல்டையும் தாண்டி, ஒரு நகரசபை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. அப்பா தெரு பெருக்கும் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த டைப்பிஸ்ட் உத்தியோகம் அது. அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பரீட்சை எழுதி ஏறி வந்தேன். நான் சொல்லும் வருஷத்தில் சூப்பரிண்டெண்ட் பதவிக்கான பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்தது. அந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது வருவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்காரப் போகிறேன் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா எங்கள் பிரிவின் கணக்கு அதிகாரி. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். வீடு இந்திராநகரில். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் அவள் எங்கள் தெருப் பக்கம் வந்ததில்லை. காலையில் நான் அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறுவேன். பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு வைப்பேன். அடுத்த ஸ்டேஷனில் அக்கா ஏறுவாள், நான் பையை எடுப்பேன், அவள் உட்காருவாள். வைட்ஃபீல்ட் வரைக்கும் ஒரே பேச்சு. மருமகள் கதை, முழங்கால் வலி, கமிஷனரின் கஞ்சத்தனம், எல்லாம் தமிழில். அலுவலகத்தில் மற்றவர்களோடு கன்னடம். எங்கள் இருவருக்குள் தமிழ். நாலு பேர் முன்னால் அவளை மேடம் என்பேன். சாப்பாட்டு மேஜையில் அக்கா. அவள் என்னை எங்கேயும் "ஏய், வாடி" தான்.

மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்குப் புளியோதரை வைப்பாள். நான் என் பாக்ஸை நீட்டினால், "இன்னிக்கு வேணாம்டி, விரதம்" என்பாள். அவளுக்கு இருந்த விரதங்களுக்குக் கணக்கே இல்லை. நானும் நம்பினேன். பக்தியான பொம்பளை என்று வீட்டில் வந்து சொல்லவும் சொன்னேன். என்னைப் போல ஒரு முட்டாளைப் பார்த்திருக்கிறீர்களா?

நகரசபைக்கு எதற்குக் கிரெடிட் கார்டு என்று கேட்பீர்கள். குப்பை லாரிகளுக்கு டீசல் போட. முன்பெல்லாம் பெட்ரோல் பங்க்கில் கடனுக்குப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் இழுத்தடிப்போம். பங்க்காரர் ஒரு நாள் கையை விரித்துவிட்டார். அதன் பிறகுதான் ஒரு கார்டு வாங்கினார்கள். கார்டு நகரசபையின் பெயரில், பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர், தலைமை டிரைவரின் சட்டைப் பையில் கார்டு.

கார்டு வந்ததும் அதற்கு விதிமுறை எழுதச் சொன்னார் கமிஷனர். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கடைசித் தேதிக்குள் பில்லைக் கட்ட வேண்டும். தவறினால் வங்கி போடும் தாமதக் கட்டணமும் வட்டியும் மக்கள் பணம் இல்லை, அதை நகரசபைக் கணக்கில் எழுதக் கூடாது. தாமதத்துக்குக் காரணமானவரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். பிடித்ததை அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில் குறிக்க வேண்டும். கடைசி வரியை அக்காதான் யோசித்துச் சேர்த்தாள்.

"இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லியா அக்கா?" என்று கேட்டேன்.

"போடுடி. நாம ரெண்டு பேரும் இருக்கறப்போ எவன் லேட் பண்ணப் போறான்?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே டைப் செய்தேன்.

பில் கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான், அனுமதி கொடுப்பது அக்கா. அனுமதி கொடுக்க அவளிடம் ஒரு சாவி இருந்தது. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாஸ்வேர்டு போட்டால் அது அதிகாரியின் கையெழுத்துக்குச் சமம். சட்டப்படி அதை இன்னொருவர் கையில் கொடுப்பதே தப்பு. ஆனால் எந்த ஆபீஸில் சட்டப்படி நடக்கிறது? அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பேஜார். சாவி வந்த முதல் நாளே ஒரு குங்கும டப்பாவில் போட்டு என் டிராயரில் வைத்துவிட்டாள். பாஸ்வேர்டையும் காதில் சொல்லிவிட்டாள். அதிலிருந்து நானே ஏற்றுவேன், நானே அக்காவாக மாறி அனுமதியும் கொடுப்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். காகிதத்தில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவாள். "ஆயிடுச்சாடி?" என்று கேட்பாள், "ஆச்சுக்கா" என்பேன், அவ்வளவுதான். பியூனிலிருந்து டிரைவர் வரைக்கும் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரியின் சாவி என் டிராயரில் இருப்பது எனக்கு ஒரு பெருமை. நம்பிக்கை வைத்திருக்கிறாளே என்று மனசு குளிர்ந்து கிடந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்கள் ஊரில் எல்லா ஆபீஸிலும் அன்றைக்குத்தான் பூஜை, ஏனென்றால் மறுநாளிலிருந்து விடுமுறை. ஆயுத பூஜை, விஜயதசமி, அதை ஒட்டி சனி, ஞாயிறு. கார்டு பில்லுக்குக் கடைசித் தேதி விஜயதசமி அன்று விழுந்திருந்தது. ஒரு டீசல் ரசீது வராமல் நின்றிருந்த பில் அன்று காலையில்தான் எனக்கு முழுசாகக் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிவிடலாம் என்று எழுந்து போனேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், என் மேஜை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து, திரையில் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அக்கா பட்டுப் புடவையில் நின்று, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர், பீரோ சாவி எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் என் டிராயரின் குங்கும டப்பா. மூடி திறந்து, சாவியின் தலையில் குங்குமப் பொட்டு.

"அக்கா, கார்டு பில்லு கட்டணும். ஒரு அஞ்சு நிமிஷம் சாவியைக் குடுங்க" என்றேன்.

"வெச்சாச்சுடி. பூஜையில வெச்சதை எடுப்பாங்களா? திங்கட்கிழமை தேங்கா ஒடைச்சு மறுபூஜை பண்ணிட்டுக் கட்டிக்கலாம்."

"கடைசித் தேதி நாளன்னிக்குக்கா."

"லீவு நாளு. பேங்க்கும் லீவு. லீவு நாள்ல எந்த பேங்க்காரன்டி அபராதம் போடுவான்? தேதி தானா தள்ளிப் போயிடும். எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சரியென்று படவில்லை. செக் காலத்தில் அப்படி நடந்திருக்கலாம், இப்போது ராத்திரி பகல் பார்க்காமல் பணம் ஓடுகிறதே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றிலும் முழு ஆபீஸும் பொரியும் கடலையும் வாங்கக் காத்து நின்றது. இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலேயே பௌத்தம் ஏற்றாகிவிட்டது. சுவரில் புத்தர் படம் மட்டும்தான். ஆபீஸுக்கு அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் மேஜை துடைப்பேன், பூசணிக்காய் வாங்கி வருவேன், பொரி பொட்டலம் கட்டுவேன், பூஜைத் தட்டுப் பக்கம் மட்டும் போக மாட்டேன். யாரும் போகாதே என்று சொன்னதில்லை. வா என்று கூப்பிட்டதும் இல்லை. மற்ற யாராவது அந்தத் தட்டில் கை வைத்து எடுத்திருந்தால் அவசரம் என்பார்கள். நான் எடுத்தால் அவளுக்கென்ன, அவளுக்குச் சாமியா பூதமா என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கற்பூரம் காட்டினார்கள், அறையைப் பூட்டினார்கள், எல்லோரும் பொரியோடு வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் பெண்கள் பாடும் சத்தம் கேட்டது, கொலு வீட்டில் இருந்தாள்.

"அக்கா, மனசு கேக்கல. வாட்ச்மேன்கிட்ட ரூம் சாவி இருக்கு. நான் போயி எடுத்துக் கட்டிட்டு, திரும்ப அப்படியே வெச்சுடட்டுமா?"

 "நீயா?" என்றாள். "வேணாம். நான்தான் சொல்றேனே, ஒண்ணும் ஆகாது."

அந்த "நீயா" அன்றைக்கே சுருக்கென்று தைத்தது. தைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சரி, அதிகாரி சொல்லிவிட்டாள், நமக்கென்ன என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தலைமை டிரைவர் போன் செய்தார். "மேடம், கார்டு ஒத்துக்கல. மூணு தபா தேச்சுட்டான். பின்னாடி லாரிங்க எல்லாம் க்யூவுல நிக்குது, பங்க்குல மானம் போவுது."

கடைசித் தேதி தாண்டியதும் வங்கி கார்டை நிறுத்திவிட்டிருந்தது. லாரிகளில் டீசல் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் இந்த ஊர்த் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முனையிலும் உடைந்த பூசணிக்காய், நசுங்கிய எலுமிச்சம்பழம், வாழைக்கன்று, மாலைக் குவியல். அது மூன்று நாள் அள்ளாமல் கிடந்து ஈ மொய்த்தது. ஐ.டி. ஆட்கள் இருக்கும் அபார்ட்மெண்ட்களிலிருந்து போட்டோ மேல் போட்டோ எடுத்து உலகத்துக்கே அனுப்பினார்கள். கவுன்சிலர்கள் கமிஷனரைப் பிடித்து உலுக்கினார்கள்.

திங்கட்கிழமை தேங்காய் உடைத்து மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாகப் பில்லைக் கட்டினேன். வங்கி தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தது. பெரிய தொகையில்லை, ஒரு நல்ல புடவை வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் குப்பை நாறிவிட்டது, யார் தலையாவது உருள வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் தனித்தனியாக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

மறுநாள் மெட்ரோவில், நான் பையை எடுத்துக் கொடுத்த இருக்கையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்.

"இதப் பாருடி, சாவி, பூஜை, அதெல்லாம் எழுதிடாதே. எழுதினா சாவி வருஷக் கணக்கா உன்கிட்ட இருந்த கதை வெளியில வரும். அதிகாரி கையெழுத்தை நீ போட்டேன்னு ஆயிடும். வேலைக்கே வேட்டு. 'தாமதத்துக்கு வருந்துகிறேன், இனி நடக்காது'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். பண்டிகை லீவுல நடந்தது, யார் மேலயும் தப்பில்லன்னு நான் எழுதிடறேன்."

"என் ப்ரமோஷன் பட்டியல் இருக்கே அக்கா."

"எனக்குத் தெரியாதா? உன்னை விட்டுடுவேனா?"

அவள் கண்ணில் தண்ணீர் கூட நின்றது. இன்றுவரை அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்று எனக்குப் புரியவில்லை. அன்று மதியமே அவள் சொன்ன இரண்டு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கமிஷனர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கன்னடக்காரர், நல்லவர், அவசரக்காரர். என் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். யார் தப்பு, நீங்களே சொல்லுங்கள் மேடம் என்றார். அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கன்னடத்தில் பேசினாள்.

"பில்லு நன்ன முந்தே பந்தே இல்ல சார். கீ யாவாகலூ நன்ன ஹத்ரானே இருத்தே. இவ்ரு கேளலே இல்ல."

பில் என் முன்னால் வரவே இல்லை. சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். இவர் கேட்கவே இல்லை. அதுதான் அவள் சொன்னது. எழுதிக் கொடுத்த விளக்கத்திலும் அதேதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அடிப்பாவி! எனக்கு முதலில் உறைத்தது அந்தப் பொய் கூட இல்லை. "இவ்ரு" என்றாள் பாருங்கள், அதுதான். வாடி போடி என்று என் தோளில் சாய்ந்து மருமகளைத் திட்டியவளுக்கு, அந்த அறையில் நான் மரியாதைக்குரிய யாரோ ஒருத்தி ஆகிவிட்டேன். என் பக்கம் திரும்பவும் இல்லை.

கமிஷனர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. குங்கும டப்பா, பூஜைத் தட்டு, "நீயா" வரைக்கும். சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். சாவி அவளிடம் இருந்ததில்லை, என் டிராயரில்தான் இருந்தது என்று நானே சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் அத்தனை பில்லுக்கும் அவள் கையெழுத்தைப் போட்டது நான் என்று நானே சொல்ல வேண்டும். அவள் இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவள், மன்னித்து அனுப்பிவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் சொன்ன பொய்யை நான் மறுக்க முடியாதபடி என் விசுவாசத்தாலேயே என் வாயைக் கட்டியிருந்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள், அது அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தமாயிற்று.

"ஏனு இல்ல சார்" என்றேன். ஒன்றுமில்லை.

நான் டைப் செய்த விதிமுறைப்படியே எல்லாம் நடந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரி போதும். இறுதிப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது முதலாவதாக இருந்த பெயர் இல்லை, எனக்கு அடுத்து இருந்தவர் சூப்பரிண்டெண்ட் ஆனார். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட மனிதர். என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு, நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கமிஷனர் அறையில் நடந்ததை அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். "எழுதிக் குடுத்தது யாரு? நீதானே? தெருவுல இந்தப் போடு போடுவியே, அங்க எங்க போச்சு உன் வாயி?" என்றார். அன்று அவரோடு சண்டை போட்டேன், தட்டைத் தூக்கிப் போட்டேன். சண்டை போட வேண்டிய ஆள் அவர் இல்லை என்று தெரிந்தேதான் போட்டேன்.

அதற்கு மறுநாள் காலை மெட்ரோவில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெண் காதில் இயர்போனோடு உட்கார்ந்துவிட்டாள். இந்திராநகரில் அக்கா ஏறினாள். வழக்கமான இடத்துக்கு நேராக வந்தாள், பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலிக்காரி. என் மனசு அடித்துக்கொண்டது, எழுந்து இடம் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பையப்பனஹள்ளியில் ஒரு பையன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு ஆபீஸ் விஷயம் மட்டும்தான், அதுவும் கன்னடத்தில். சாவியை அவள் அந்த அறையில் நடந்த பேச்சுக்கு மறுநாளே என் டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள், டப்பாவோடு. ஒவ்வொரு பில்லுக்கும் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திட்டுவாள். நான் எழுந்து போகவில்லை.

அவளுடைய ஓய்வு நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அக்கா நிற்கிறாள். ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்துகொண்டு இத்தனை வருஷமாக வராதவள். கையில் இனிப்பு டப்பா, பத்திரிகை, ஒரு கவர். வீட்டுக்கு வந்தவளை வெளியே நிறுத்த எனக்குத் தெரியாது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அவள் சுவரில் இருந்த புத்தரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"கோவமா இருக்கியாடி?"

நான் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன்.

"எனக்கு வேற வழி தெரியல. கடைசி நேரத்துல ஒரு கேஸுன்னு வந்தா என் பென்ஷன் நின்னுடும். மூணு தலைமுறையா எங்க குடும்பத்துல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நீ சின்னவ, சமாளிச்சுப்பேன்னு நெனச்சேன்."

"எனக்கும் அதுதான் கடைசிப் பட்டியல்ங்க மேடம். உங்களுக்கு அது தெரியும்" என்றேன். மேடம் என்றதும் அவள் முகம் சுருங்கியது.

கவரை நீட்டினாள். "உன் சம்பளத்துல பிடிச்சதுடி. அதுக்கு மேலயே வெச்சிருக்கேன்."

பாருங்கள், அவள் கணக்கு அவ்வளவுதான். என்னிடமிருந்து போனது பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கவரைத் தொடவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், அவளும் அதைத் தொடவில்லை. இன்றைக்கு என்ன விரதமோ. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு ஃபங்ஷன்ல நீ ரெண்டு வார்த்தை பேசணும். நீ பேசாட்டி நல்லாருக்காது, எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள். கவரை அவள் கையிலேயே திணித்து அனுப்பினேன். பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மீட்டிங் ஹாலில் விழா. அக்காவுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை, சந்தன மாலை, சால்வை, பழத்தட்டு. அவள் மகனும் மருமகளும் முன் வரிசையில். கமிஷனர் புகழ்ந்து பேசினார், கவுன்சிலர் ஒருவர் புகழ்ந்து பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். வணக்கம் சொல்லிவிட்டு, நல்ல சுத்தமான கன்னடத்தில் ஆரம்பித்தேன்.

"மேடத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேடம் தன் சாவியை ஒரு நாள் கூட யார் கையிலும் கொடுத்ததில்லை. எத்தனை பில் வந்தாலும் தானே உட்கார்ந்து, தானே பாஸ்வேர்டு போட்டு, தானே அனுமதி கொடுப்பார். நாங்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்."

 பின்னால் நின்றிருந்த தலைமை டிரைவர் தொண்டையைச் செருமினார். பியூன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினான். புதிய சூப்பரிண்டெண்ட் கூரையைப் பார்த்தார். கமிஷனர் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டவர், ஏன் யாரும் கை தட்டவில்லை என்று சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தில் வந்து நின்றார்.

"அந்தச் சாவி என் டிராயரில் ஒரு நாளும் இருந்ததில்லை. குங்கும டப்பாவில் இருந்ததில்லை. பூஜைக்கு முந்தின நாள் மதியம் நான் அதைக் கேட்கவும் இல்லை. மேடம் கமிஷனர் சாரிடம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அப்படிப்பட்ட நேர்மையான அதிகாரி இனி எங்களுக்குக் கிடைக்க மாட்டார்."

பேட்டாவுக்குக் கீழே அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்குக் கேட்காத குரலில், என்னை மட்டும் பார்த்து, தமிழில் சொன்னாள்.

"போதும்டி."

எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னிடம் மறுபடி தமிழில் பேசியது முந்தின நாள் என் வீட்டில். இது இரண்டாவது தடவை. அந்தக் குரலுக்காக நான் ஒரு காலத்தில் இருக்கையில் பை போட்டு வைத்திருக்கிறேன். என் கண் நிறைந்துவிட்டது, மறைக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி, கன்னடத்திலேயே நன்றியாக, "தன்யவாத மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.